ஹிமாலயன் 411: பேட்டரியை வீட்டிலேயே மாற்ற நினைக்கிறேன் (சேலம் – ஏர்க்காடு)

கோரிமேடு 411 | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2021 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக், பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) மாடல். வீடு சேலம் கோரிமேட்டில். அப்பா அம்மா ஏர்க்காட்டில், நாகலூர் போகிற வழியில் இருக்கிறார்கள். வாரநாட்களில் வேலைக்கு ஸ்கூட்டரில் போய்விடுவேன். சனிக்கிழமை காலையில்தான் ஹிமாலயனை எடுத்து மேலே ஏறுவேன், ஞாயிறு மாலை இறங்கிவிடுவேன். இடையில் ஐந்தரை நாள் அது தகரக் கொட்டகையில் சும்மா நிற்கும்.

இன்று காலை ஏழு மணி, நல்ல பனி. சாவி போட்டதும் மீட்டர் எரிந்தது, பெட்ரோல் பம்ப் சத்தமும் வந்தது. செல்ஃபை அமுக்கினால் டக் டக் டக் என்று ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) மட்டும் அடிக்கிறது, மீட்டர் அணைந்து அணைந்து வருகிறது. கிக்கர் இல்லாத வண்டி. தோட்டத்துச் சரிவில் இரண்டாம் கியரில் போட்டு அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினார்கள். மூன்றாவது முறையில் எடுத்தது. அப்பாவுக்கு 68 வயது. தள்ளி முடித்துவிட்டு திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். அதைப் பார்த்த பிறகு இதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

இந்தப் பேட்டரி போட்டு 14 மாதம்தான் ஆகிறது. போன முறை ஒரு சர்வீஸ் சென்டரில் மாற்றினேன். பில்லும் கூலியும் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்து பார்த்தால் நெகட்டிவ் டெர்மினல் போல்ட் கையால் சுற்றும் அளவுக்கு லூசாக இருந்தது. அதனால் இந்த முறை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். என்னென்ன டூல் வேண்டும், எதை முதலில் கழற்ற வேண்டும், இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏதாவது ஆகுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.


புதுப்பயணி | ஞாயிறு, இரவு 10.05

எனக்கும் இதே சந்தேகம். இழையைப் பின்தொடர்கிறேன்.


சங்ககிரி லாரி | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, பேட்டரி போய்விட்டது. புதுசு வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. 8 ஆம்பியருக்குப் பதில் 12, 14 என்று பெரிசாகப் போட்டால் இன்னும் நல்லது. எங்கள் லாரியில் எல்லாம் அப்படித்தான் செய்கிறோம்.

ஒன்று மட்டும் கட்டாயம் ஞாபகம் வையுங்கள். வழியில் நின்றுபோனால் லாரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெரிய லாரியெல்லாம் 24 வோல்ட். பைக்கில் கொடுத்தால் மீட்டர், இசியு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். தொப்பூர் பக்கம் ஒரு பையனுக்கு உதவுகிறேன் என்று ஒருவர் ஒயரைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன்.


டூல்பாக்ஸ் | ஞாயிறு, இரவு 11.15

அண்ணன் சொன்ன 24 வோல்ட் எச்சரிக்கையை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் பெரிய பேட்டரி யோசனையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேட்டரி உட்காரும் தட்டு 8 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்ற அளவு) பேட்டரியின் அளவுக்குச் செய்தது. அதற்குள் அடங்காததைத் திணித்தால் கரட்டுப் பாதையில் ஆடி ஆடி டெர்மினல் உடையும்.

கோரிமேடு தம்பிக்கு: நான் 22 வருடம் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், இப்போது அம்மாபேட்டையில் சும்மா இருக்கிறேன். பேட்டரி மாற்றுவது கால் மணி நேர வேலை, அது பெரிசில்லை. முதல் பேட்டரி எத்தனை வருடம் வந்தது? மூன்று வருடம் வந்திருக்கும். இரண்டாவது ஏன் 14 மாதத்தில் விழுந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் அடுத்த வருடம் இதே பனியில் அப்பா மறுபடி தள்ள வேண்டியிருக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரணமானது போதும், பத்து ஆம்பியர் வரை அளக்கும் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு மூன்று கணக்கு எடுத்து இங்கே போடுங்கள்.

ஒன்று, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்ப்பது. நிறைந்த பேட்டரி 12.7, 12.8 காட்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. 12 வோல்ட் பேட்டரி 12 காட்டுகிறதே, சரியாகத்தானே இருக்கிறது என்று நிறைய பேர் ஏமாறும் இடம் இதுதான்.

இரண்டு, யாரையாவது செல்ஃப் அமுக்கச் சொல்லி, அமுக்கும்போதே மீட்டரைப் பார்ப்பது. நல்ல பேட்டரி பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் உள்ளே தெம்பு இல்லை.

மூன்று, எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரை 4000 ஆர்பிஎம் வரை பிடித்துப் பார்ப்பது. 13.8 முதல் 14.5க்குள் இருக்க வேண்டும். 13க்குக் கீழே நின்றால் வண்டி பேட்டரிக்குச் சோறு போடவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, எத்தனை பேட்டரி போட்டாலும் அது வேகவைத்துக் கொன்றுவிடும்.

இரண்டாவது சோதனைக்கு முன்னால் பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜ் போட்டு, ஆறேழு மணி நேரம் ஆறவிடுங்கள். அப்போதுதான் தீர்ப்பு நியாயமாக இருக்கும். 8 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 ஆம்பியர் அளவில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் ஐந்து, ஆறு ஆம்பியர் சார்ஜரை மாட்டாதீர்கள்.


மழைக்காலம் | திங்கள், காலை 6.30

நான் கேடிஎம் 390 அட்வெஞ்சர் பைக் வைத்திருக்கிறேன், ஆத்தூரில் கல்லூரி ஆசிரியை. போன வருடம் நானே பேட்டரி மாற்றினேன். கோரிமேடு சகோதரருக்கு நேரடி பதில் இதோ.

சாவியை அணைத்து, கையில் எடுத்து வைத்துவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரணம் தெரிந்தால் மறக்காது. வண்டியின் சட்டம் முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்டில் ஸ்பேனர் வைத்து, அதன் வால் சட்டத்தில் பட்டால் முழு ஷார்ட். நெகட்டிவை எடுத்துவிட்டால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

இசியுவுக்கு ஒன்றும் ஆகாது. கடிகாரம் மட்டும் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இந்தக் கால வண்டியில் அதைச் செய்யவே கூடாது. வோல்டேஜ் திடீரென்று எகிறி இசியுவைத் தொட்டுவிடும்.


கொலுசுப் பட்டறை | திங்கள், காலை 8.10

அக்கா சொன்னதோடு இன்னொன்று. எனக்கு செவ்வாய்ப்பேட்டையில் தொழில். முலாம் போடும் தொட்டியில் தினமும் குறைந்த வோல்ட், நிறைய ஆம்பியர் என்றுதான் புழங்குகிறோம். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று நினைப்பது சரிதான், அடிக்காது. ஆனால் கையில் வெள்ளிக் காப்பு போட்டுக்கொண்டு பாசிட்டிவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையை விட்டால் அந்தக் காப்பு வழியாகத்தான் மொத்தக் கரண்டும் ஓடும். வெள்ளியைப் போல் கரண்ட் கடத்தும் உலோகம் வேறு இல்லை. நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், கழற்றவும் முடியாது. எங்கள் ஊரில் காப்பு, மோதிரம் போடாத கை குறைவு. அதனால்தான் சொல்கிறேன். கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.


கோரிமேடு 411 | புதன், இரவு 8.50

டூல்பாக்ஸ் அண்ணா, மழைக்காலம் அக்கா, எல்லோருக்கும் நன்றி. மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். முதல் பேட்டரி மூன்று வருடத்துக்கு மேல் வந்தது, நீங்கள் சொன்னது சரி.

திங்கள் இரவு நண்பரிடம் ஸ்மார்ட் சார்ஜர் வாங்கிப் போட்டேன். காலையில் எடுத்து, மாலை வரை ஆறவிட்டுப் பார்த்தேன். 12.3. செல்ஃப் அமுக்கியபோது 8.2க்கு விழுந்தது, ஆனாலும் தட்டுத்தடுமாறி ஸ்டார்ட் ஆகிவிட்டது. 4000 ஆர்பிஎம்மில் 14.1. ஃபாக் லைட் இரண்டையும் போட்டால் 13.6.

எனக்கு ஒன்று புரியவில்லை. சேலத்தில் இந்த நிலைமையிலும் ஸ்டார்ட் ஆகிறது. மேலே ஏன் ஆகவில்லை? சனிக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓட்டித்தானே போனேன், சார்ஜ் ஏறியிருக்க வேண்டுமே?


ஏர்க்காடு மிளகு | புதன், இரவு 9.30

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

ஏர்க்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு வந்துவிடும். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை, குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். அதே நேரம் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிறது. உங்கள் வண்டிக்கு ஊற்றுவது 15டபிள்யூ50, ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றால் தேன் மாதிரி இருக்கும். ஆக, கொடுக்கிற கை சுருங்குகிறது, கேட்கிற கை நீளுகிறது. சேலத்தில் எப்படியோ சமாளிக்கும் பேட்டரி இங்கே காலை ஏழு மணிக்குக் கையை விரித்துவிடும்.

வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் ஏர்க்காட்டுக் குளிர் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். பேட்டரி கெட்டது கீழே, வெயிலில். சூடு ஏற ஏற உள்ளே தகடு அரிப்பதும் வேகமாகும். ஏப்ரல், மே மாதம் சேலத்தில் நாற்பது டிகிரி, தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். அங்கே ஆன சேதம் இங்கே வந்து தெரிகிறது. என் அப்பாவின் ஜீப் பேட்டரி இங்கேயே இருந்து ஆறு வருடம் உழைத்தது.

உங்கள் கொட்டகை மேற்குப் பார்த்ததா? அப்படியென்றால் முதலில் அதற்கு மேலே கொஞ்சம் தென்னங்கீற்று போடுங்கள்.


டூல்பாக்ஸ் | புதன், இரவு 10.10

மிளகு தம்பி சொன்னது முழுக்க உண்மை. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 12.3, 8.2 என்றால் பேட்டரி முடிந்தது, புதுசு வாங்கலாம். சார்ஜிங் 14.1 அருமை, ரெகுலேட்டரும், கரண்ட் உண்டாக்கும் காயிலும் நன்றாக இருக்கின்றன. அப்படியானால் கொன்றது யார்? வெயில் ஒரு பங்கு. ஆனால் முதல் பேட்டரியும் அதே கொட்டகையில்தானே இருந்தது.

முதல் பேட்டரிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வண்டியில் புதிதாக என்ன மாட்டினீர்கள்?


கோரிமேடு 411 | புதன், இரவு 10.25

ஃபாக் லைட், யுஎஸ்பி சார்ஜர் (வோல்ட் காட்டும் சின்னத் திரையோடு), ஜிபிஎஸ் டிராக்கர். மூன்றும் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் மாட்டினேன். ஃபாக் லைட் ரிலே வழியாக, சாவி போட்டால்தான் எரியும். மற்ற இரண்டும் நேராகப் பேட்டரியில்.


டூல்பாக்ஸ் | புதன், இரவு 10.40

அங்கேதான் இருக்கிறது. சாவி எடுத்த பிறகும் குடிக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் ஒயரை மட்டும் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரையும் ஆம்பியருக்குத் திருப்புங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், இன்னொரு முனை கழற்றிய ஒயரில். இப்போது வண்டி குடிக்கும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். மிகவும் சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.


கொலுசுப் பட்டறை | புதன், இரவு 10.55

அந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அப்புறம், சோதனை முடிந்ததும் சிவப்புக் கம்பியை மறக்காமல் வோல்ட் துளைக்கே மாற்றுங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேர் ஷார்ட். எங்கள் பட்டறையில் புதிதாக வந்த பையன்கள் எல்லோருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.


கோரிமேடு 411 | வியாழன், இரவு 9.15

அளந்தேன். மொத்தம் 27 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி சார்ஜரைக் கழற்றினேன், 12க்கு இறங்கியது. டிராக்கரைக் கழற்றினேன், 3க்கு வந்தது. 27 என்பது ரொம்பக் கம்மி மாதிரித் தெரிகிறதே அண்ணா, இதுவா ஒரு பேட்டரியைக் கொல்லும்?


டூல்பாக்ஸ் | வியாழன், இரவு 9.50

கொல்லும். கணக்குப் போடுங்கள். ஞாயிறு மாலை ஆறிலிருந்து சனி காலை ஆறு வரை 132 மணி நேரம். 0.027ஐ 132ஆல் பெருக்கினால் 3.6 ஆம்பியர் அவர். உங்கள் பேட்டரி மொத்தமே 8. வாரா வாரம் கிட்டத்தட்டப் பாதியைக் குடித்துவிடுகிறது. வண்டி தனக்கென்று குடிக்கும் 3 மில்லி மட்டும் என்றால் அதே 132 மணி நேரத்துக்கு 0.4தான். முதல் பேட்டரி மூன்று வருடம் வந்ததற்கு அதுதான் காரணம்.

இனி அடுத்த பாதியைப் பாருங்கள். சனிக்கிழமை முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இருபது கொண்டை ஊசி வளைவு, பனி என்பதால் ஃபாக் லைட்டும் எரிகிறது, ஹெட்லைட் எப்போதும் எரியும். 3.6 ஆம்பியர் அவர் ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏறாது. ஈயப் பேட்டரி முதலில் வேகமாக வாங்கும், கடைசிக் கால் பங்கை மெள்ள மெள்ளத்தான் வாங்கும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆக உங்கள் பேட்டரி 14 மாதமாக ஒருநாள் கூட முழுசாக நிறைந்ததில்லை. அரைவயிற்றோடு நிற்கிற பேட்டரியின் தகட்டில் ஈய சல்பேட் படிகிறது. நாளாக நாளாக அது இறுகிக் கல்லாகிவிடும், அப்புறம் எந்தச் சார்ஜர் போட்டாலும் கரையாது. உங்கள் பேட்டரி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் 12.3ஐத் தாண்டாததன் பொருள் அதுதான்.

தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதே 27 மில்லி ஒரு பொருட்டே இல்லை. உங்களைப் போல் வாரம் ஒருநாள் எடுப்பவருக்குத்தான் ஆபத்து.


சங்ககிரி லாரி | வியாழன், இரவு 10.15

கணக்கு நன்றாகப் புரிந்தது. பெரிய பேட்டரி போடச் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எங்கள் லாரி தினமும் ஓடுகிறது, அதனால் நான் அப்படி யோசித்துவிட்டேன்.


காற்றோடு | வெள்ளி, காலை 7.40

லித்தியம் போடலாமே? நான் போட்டிருக்கிறேன். எடை பாதிக்கும் கீழே, செல்ஃப் அமுக்கினால் அப்படி உதைக்கிறது. சும்மா நின்றாலும் தானாக இறங்குவது ரொம்பக் கம்மி.


டூல்பாக்ஸ் | வெள்ளி, காலை 8.30

நல்ல பொருள்தான். ஆனால் இந்தத் தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன். தானாக இறங்குவது கம்மி என்பது உண்மை, ஆனால் டிராக்கர் குடித்தால் அதுவும் இறங்கும். முழுக்க இறங்கிவிட்டால் லித்தியம் பெரும்பாலும் திரும்பி வராது. விடியற்காலைக் குளிரில் முதல் அமுக்கலுக்குச் சோம்பும், ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு உள்ளே சூடேற்றிய பிறகுதான் தெம்பு வரும். சல்பேட் கரைக்கும் முறை உள்ள பழைய சார்ஜரை அதற்குப் போடவும் கூடாது. விலையும் பல மடங்கு.


காற்றோடு | வெள்ளி, காலை 9.05

விலையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இமயமலையில் ஸ்பிட்டி போய் வந்த பிறகும் என்னுடையது நன்றாக இருக்கிறது. எடை குறைந்தது கரட்டுப் பாதையில் எனக்குத் தெரிகிறது. எனக்கு அது போதும்.


மழைக்காலம் | வெள்ளி, பகல் 1.20

பேட்டரி வாங்கும்போது இதை மட்டும் பாருங்கள் சகோதரரே. பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று கண்டிப்பாகப் பாருங்கள். அளவு ஒன்றாக இருந்து முனை மட்டும் மாறி வரும் மாடல்கள் உண்டு, அப்போது ஒயர் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் விஷப் பரீட்சை.

அடுத்தது தயாரிப்பு மாதம். எனக்கு ஒரு கடையில் பதினோரு மாதம் அலமாரியில் இருந்த பேட்டரியைப் புதுசு என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அதனால் மீட்டரைக் கடைக்கே எடுத்துப் போங்கள். 12.6க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆசிட் தனியாக வந்து கடையில் ஊற்றிக் கொடுக்கும் வகை என்றால், ஊற்றியவுடன் வண்டியில் மாட்டாமல் முதல் சார்ஜை முழுசாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவசரத்தில் அந்த முதல் சார்ஜைத் தவறவிட்டால் பேட்டரி கடைசிவரை தன் முழு அளவைத் தொடாது.


புதுப்பயணி | வெள்ளி, பகல் 2.00

பழைய பேட்டரியை என்ன செய்வது? எங்கள் தெருவில் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுக்கிறார்.


ஏர்க்காடு மிளகு | வெள்ளி, பகல் 2.45

தயவுசெய்து அவரிடம் போடாதீர்கள். உடைத்து ஆசிடை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தொடும். மலையில் கொட்டினால் அது ஓடை வழியாகத் தோட்டத்துக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் வரும். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்கள்தான் பழையதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு.


கோரிமேடு 411 | ஞாயிறு, பகல் 12.30

மாற்றிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

நேற்று ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். முதலில் எடுத்துக் கொடுத்தது 12.4 காட்டியது, வேண்டாம் என்றேன். இரண்டாவது 12.8, இரண்டு மாதம் முன்பு தயாரானது. பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, மீட்டரோடு வருகிறவர்கள் குறைவு என்று சந்தோஷமாகத்தான் பேசினார்.

இன்று காலை வாசலில், வெயில் ஏறும் முன் உட்கார்ந்தேன். காப்பையும் மோதிரத்தையும் சாமி படத்துக்கு முன்னால் கழற்றி வைத்தேன். சைடு ஸ்டாண்டில் போடாமல், மெயின் ஸ்டாண்டில் நிறுத்தினேன், வண்டி ஆடாது. பின் சீட், அப்புறம் முன் சீட். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். ஒயர் எந்த இடுக்கு வழியாகப் போகிறது என்பது மாட்டும்போது நிச்சயம் மறந்துபோகும்.

பழைய பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோக நேற்றே கழற்றியதால் ஒயர் முனைகளை அப்போதே பார்த்துவிட்டேன். நெகட்டிவ் வளையத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், நுரைத்துக்கொண்டு போய்விட்டது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்டினேன்.

அதிக நேரம் எடுத்தது அந்தச் சின்ன சதுர நட்டு. டெர்மினல் குழிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். போல்டை மேலிருந்து அழுத்தினால் நட்டு கீழே இறங்கிவிடுகிறது, மரை பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் போராடினேன். கடைசியில் பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டு ஸ்பான்ஞ்சை வெட்டி நட்டுக்கு அடியில் வைத்தேன். நட்டு மேலே நின்றது, உடனே மரை பிடித்துவிட்டது.

பாசிட்டிவ் முதலில், மேலே சிவப்பு ரப்பர் மூடி. நெகட்டிவ் கடைசியில். நன்றாக இறுக்கினேன், ஆனால் ஈயம் மெதுவானது என்பதால் பலம் காட்டவில்லை. இரண்டின் மேலும் லேசாக வாஸ்லின். பேட்டரியைப் பிடிக்கும் பட்டையை மாட்டிவிட்டு, கையால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

சாவி போட்டேன். பம்ப் சத்தம் நிற்கும் வரை பொறுத்து செல்ஃப் அமுக்கினேன். ஒரே தொடலில் எடுத்தது. அமுக்கும்போது 10.6. ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, கொஞ்சம் பயந்தேன். தெருமுனை வரை ஓட்டியதும் அணைந்தது.


மழைக்காலம் | ஞாயிறு, பகல் 1.10

வாழ்த்துகள் சகோதரரே. ஏபிஎஸ் விளக்கு பெரும்பாலான பைக்குகளில் அப்படித்தான், சக்கரம் சுற்றிய பிறகுதான் அணையும். ஸ்பான்ஞ் யோசனையை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன், நான் நூல் கட்டித் தூக்கிப் பிடித்தேன்.


டூல்பாக்ஸ் | ஞாயிறு, பகல் 1.40

நல்ல வேலை. இப்போது சார்ஜரையும் டிராக்கரையும் என்ன செய்தீர்கள்?


கோரிமேடு 411 | ஞாயிறு, பகல் 2.05

சார்ஜரின் பாசிட்டிவைப் பேட்டரியிலிருந்து எடுத்து, ஃபாக் லைட் ரிலேக்கு வரும் சாவி ஒயரில் இணைக்கலாம் என்று இருக்கிறேன். சரியா? டிராக்கரை எடுக்க மனசில்லை. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வண்டி களவு போனது.


டூல்பாக்ஸ் | ஞாயிறு, பகல் 2.30

வேண்டாம். அந்த ஒயர் ரிலேயின் சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுப்பது, மெல்லியது. போன் சார்ஜ் சுமையை அதில் ஏற்றாதீர்கள். ஃபாக் லைட் ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து (லைட்டுக்குக் கரண்ட் போகும் முனை) எடுத்தால் லைட் எரியும்போது மட்டும்தான் சார்ஜ் ஆகும், அதுவும் சரிப்படாது. சின்னதாக இன்னொரு ரிலே போடுங்கள். 30ஆம் முனை பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக, ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 87 சார்ஜருக்கு. 86 சாவி ஒயருக்கு. 85 சட்டத்துக்கு. சாவி எடுத்தால் சார்ஜர் முழுசாகச் செத்துவிடும்.

டிராக்கர் இருக்கட்டும். அது 9 மில்லி, வண்டியின் 3ஐயும் சேர்த்தால் 12. வாரத்துக்கு 1.6 ஆம்பியர் அவர். தாங்கும், ஆனால் நிறைவதற்கு வழி செய்ய வேண்டும். புதன்கிழமை ராத்திரி ஸ்மார்ட் சார்ஜரை ஒருமுறை மாட்டிவிடுங்கள். மாலையில் வண்டியை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். செல்ஃப் எடுத்த கரண்ட்டைக் கூட அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தராது, ஏனென்றால் சும்மா ஓடும்போது ஹெட்லைட்டே பெரும்பங்கைத் தின்றுவிடும்.


ஏர்க்காடு மிளகு | ஞாயிறு, பகல் 3.15

அல்லது வாரத்தின் நடுவில் ஒருநாள் மேலே வந்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது குப்பனூர் வழியாக இறங்குங்கள், கூட்டம் இருக்காது, நிறுத்தாமல் ஓட்டலாம்.


கோரிமேடு 411 | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8.20

ரிலே போட்டாயிற்று. கொட்டகைக்கு மேல் கீற்றும் போட்டாயிற்று. நேற்று சனிக்கிழமை காலை கிளம்பும் முன் பார்த்தேன், 12.7. இன்று ஏர்க்காட்டில் ஆறே முக்காலுக்கு, சீட்டின் மேல் பனி நீர் சொட்டச் சொட்ட அமுக்கினேன். முதல் தொடலிலேயே எடுத்தது. அப்பா சத்தம் கேட்டு வெளியே வந்து, தள்ள வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் அப்பா, காப்பி குடியுங்கள் என்றேன்.


புதுப்பயணி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.00

இழையைப் படித்துவிட்டு நானும் மீட்டர் வாங்கி அளந்தேன். 34 மில்லி ஆம்பியர். ஹாரன் ரிலேயைக் கழற்றியதும் 4க்கு இறங்கிவிட்டது. படம் போடுகிறேன், டூல்பாக்ஸ் அண்ணா கொஞ்சம் பாருங்கள்.